கடைசி வரிசைக்குப் போகும் வழி

தாம் வடிவமைத்த ஹைப்ரிட் மினிவேனைப் போலவே ஓசைப்படாமல் வந்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், தலைமைப் பொறியாளர் ஐயா அவர்களே! விலையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தும் விற்பனைப் பிரிவு நண்பர்களே! வண்டி வாங்கும் எண்ணமே இன்றி ஏசிக் காற்று வாங்க வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் தோளில் பையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் ஒரு பல் வைத்தியர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வது என் தொழில். இன்று, வண்டி வாங்கி மகிழ்ந்த வாடிக்கையாளர் என்று என்னை அழைத்து, என் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மூடவைப்பது எப்படி என்று யோசிக்கவில்லை, பாவம்.

எதைப் புகழ்வேன்? எதை விடுவேன்? பெட்ரோல் குடிக்காத அதன் பெருந்தன்மையைப் புகழவா? பங்க்கில் நிற்பவர், "என்னக்கா, வெளியூர் போயிட்டீங்களா?" என்று விசாரிக்கிறார். இது கேலியில்லை, மெய்யாகவே மெச்சுகிறேன்.

வண்டிக்கு அடியில் காற்றை உதைத்தால் கதவு தானே திறக்கும் அந்தக் கலையைப் புகழவா? இரு கையிலும் காய்கறிப் பையோடு ஒற்றைக்காலில் நின்று நான் உதைத்த உதையைப் பார்த்து, எதிர்வீட்டு அக்கா என் கணவரிடம், "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா தம்பி?" என்று கேட்டார். ஸ்டெப்னிக்கு இடமில்லையாம்; பதிலுக்குப் பஞ்சர் அடைக்க ஒரு புட்டிப் பசை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தம்ளர் வைக்கக் குழிகள் உண்டு, குடும்பத்தில் இருக்கும் வாய்களைவிட அதிகமாக! அங்கே யார் கைதட்டுவது? விற்பனை மேலாளரா? தட்டுங்கள் ஐயா, சம்பளம் வாங்குகிறீர்கள்.

இனி நடு வரிசைக்கு வருவோம். எங்கள் பழைய வேனில் நடு இருக்கை ஒன்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவோம். என் அப்பா கூடத்தில் நடப்பதுபோல் கடைசி வரிசைக்கு நடந்து போவார். புதிய வண்டியில் கழற்ற முடியாது. ஏன்? அடியில் பேட்டரி படுத்திருக்கிறது! அதன் தூக்கத்தைக் கெடுக்கலாமா? இருக்கையைச் சாய்த்து நுழையலாம் என்கிறது விளம்பரம். எங்கள் இரட்டைப் பிள்ளைகளின் குழந்தை இருக்கைகளை அதில் பூட்டிய பிறகு, அது சாயாது, சரியாது, அசையாது. முன்சீட்டு அம்மாவுக்கு, வேறெங்கு உட்கார்ந்தாலும் அவருக்கு வாந்தி. ஆகவே அப்பா, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நுழைந்து, பிள்ளைகளின் செருப்படி வாங்கி, கடைசி வரிசையை அடைந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மைலேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய வண்டி போட்ட இரைச்சலில் குடும்ப ரகசியங்கள் பத்திரமாக இருந்தன. இதுவோ சிக்னலில் நின்றதும் மூச்சே விடுவதில்லை. அப்படி ஒரு சிக்னலில்தான், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் காதில், கடைசி வரிசையில் பக்கத்திலிருந்த என் கணவரிடம் பேசிய அப்பாவின் குரல் விழுந்தது.

"மாப்ள, இனிமே நான் வரல. ஏறி எறங்குறதுக்குள்ள முட்டி உயிர் போகுது. அவகிட்ட சொல்லிடாதீங்க. ஆசைப்பட்டு வாங்குன வண்டி."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. அழுதேன்.

அடுத்த ஞாயிறு முதல் கடற்கரைக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பாவுக்குத் திடீரென்று வேலை வந்துவிடுகிறது. ஏழு பேர் அமரும் வண்டி வாசலில் நிற்க, இந்த விழாவுக்கும் அவர் பஸ்ஸில்தான் வந்தார். இதோ, முதல் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். முறைங்கப்பா, பரவாயில்லை.

தலைவர் அவர்களே! பேட்டரியைச் சிறிதாக்குவீர்களோ, இடம் மாற்றுவீர்களோ, மைலேஜ் குறையுமோ, குறையட்டும்! டிக்கி சுருங்குமோ, சுருங்கட்டும்! எங்கள் வண்டியில் ஒரே ஒரு நடு இருக்கை கழன்று வரட்டும்! குடும்ப வண்டி என்று பெயர் வைத்தீர்களே, குடும்பத்தில் முழங்கால் உள்ளவர் ஒருவரும் இல்லையா?

நீங்கள் தேநீர் அருந்திய நேரத்தில், மேடையில் ரிப்பன் கட்டி நிற்கும் இதே ரக வண்டியில் என் கணவர் எங்கள் குழந்தை இருக்கைகள் இரண்டையும் பூட்டிவிட்டார். ரிப்பனை வெட்டுங்கள் ஐயா. வெட்டிவிட்டு, கோட்டு கசங்காமல் கடைசி வரிசைக்குப் போய் அமருங்கள். அங்கிருந்து நீங்கள் மெதுவாகப் பேசினாலும் எங்களுக்குக் கேட்கும்.

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

அப்பா, நீங்க எந்திரிக்காதீங்க. இன்னைக்கு அவர் ஏறட்டும்.