பின் சீட்டில் ஓர் இடம்

ஒரு கார் நேராக ஓடுகிறதா என்று பார்க்க எனக்குப் பத்து முழம் சாக்கு நூல் போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. பின் சக்கரத்தில் கட்டி முன் சக்கரம் வரைக்கும் இழுத்துப் பிடிப்பேன். வலது, இடது இரண்டு பக்கமும் நூல் ஒரே மாதிரி தொட்டால் பின் அச்சு ஒழுங்காக நிற்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் விலகினால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து சாய்ந்து போகும். அருமைநாயகம் மேஸ்திரி நூல் பிடித்துவிட்டால் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று சாலைக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு ஆசை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

என் பட்டறையில் ஒரு வழக்கம். பின் அச்சைக் கழற்றிப் பூட்டினால், முதல் ஓட்டத்தில் பூட்டியவனும் பின் சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். அச்சுக்கு நேர் மேலே. கீழே ஏதாவது பிசகினால் காதுக்கு முன்னால் முதுகுக்குத் தெரிந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் நான் அப்படி உட்காராத வண்டி ஒன்றே ஒன்று.

அது தங்கப்பனின் வாடகைக் கார். பழவங்காடியில் ஆள் ஏற்றி வித்துராவுக்கு ஓட்டுவான். போன மிதுன மாதம், ஆனி மழை தொடங்கின சமயம், வண்டியின் வால் பக்கம் இழுக்கிறது என்று கொண்டுவந்து விட்டான். நூல் பிடித்தேன். இடது பக்கம் அச்சு ஒரு விரற்கடை பின்னால் போயிருந்தது. அச்சைத் தாங்குகிற பட்டை ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் ஒரு வெண்கல வளையம் இருக்கும், புஷ் என்போம். அது தேய்ந்து தகடாகக் கிடந்தது.

உலக யுத்தம் வந்ததிலிருந்து வெண்கலப் புஷ் குதிரைக்கொம்பு. இரண்டு வாரம் பொறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், மேஸ்திரியால் முடியவில்லை என்று அவன் நாலு கடையில் சொல்லுவான். எனக்கு அது பொறுக்கவில்லை. புளிய மரத்து வைரக் கட்டையைக் கடைந்து, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, புஷ்ஷாக்கி அடித்து ஏற்றினேன். ஒரு வாரம் தாங்கும், அதற்குள் வேறு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பினேன். நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூலிழை பிசகவில்லை. நூலுக்கு மரம் எது, வெண்கலம் எது என்று தெரியுமா.

சனிக்கிழமை காலையில் தங்கப்பன் வந்தான்.

"ஏறுங்க மேஸ்திரி. உங்களுக்க சீட்டு காலியாத்தான் கெடக்கு."

"இன்னைக்கு முடியாதுப்பா. எலிசாளுக்குக் காய்ச்சல்," என்றேன். எலிசாள் என் மனைவி.

"அய்யோ, அக்காவுக்கா? அப்ப நீங்க வீட்டுல இரிங்க. புஷ்ஷு புதுசுதானே?"

"புதுசாக்கும்."

அது பொய்யில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தின நாள்தானே கடைந்தேன்.

வித்துராவுக்கு முன்னால் ஓடைப் பக்கம் திரும்புகிற வளைவு உங்களுக்குத் தெரியும். நல்ல மழை. வண்டி திரும்பும்போது வால் வெளியே வீசியது, ஓடைக்குள் கவிழ்ந்தது. முன்னால் இருந்த கொப்பரை வியாபாரிக்குச் சிராய்ப்பு. தங்கப்பனுக்குக் கால் முறிந்தது. பின் சீட்டில் இருந்த செல்லபாய் டீச்சர் இறந்துபோனார்.

வண்டியைப் பரிசோதிக்க நாணயமான ஆள் வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினீர்கள், ஐயா. உடைந்த வண்டி ஸ்டேஷன் முற்றத்தில் கிடந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் சாயா குடிக்கப் போனார். நான் கீழே படுத்துப் பார்த்தேன். கட்டை நாலாகப் பிளந்திருந்தது. அதைப் பொறுக்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன். என் பையில் வெண்கலப் புஷ் இருந்தது. ஆமாம், இருந்தது. மூன்று மாதமாக என் மரப்பெட்டியில்தான் இருந்தது. ஓர் எஸ்டேட் துரை வண்டி அனுப்பினால் போடலாம் என்று ஒளித்து வைத்திருந்தேன். துரையிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை அடித்து ஏற்றினேன். தங்கப்பன் வண்டிக்கு நல்ல புஷ் கிடைத்தது அந்த முற்றத்தில்தான்.

பின் அச்சில் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஒருவரும் சோற்றைக் கிளறவில்லை.

கோர்ட்டில் தங்கப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் என்மேல் பழி போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாயிருக்கும். சண்டையாவது பிடித்திருப்பேன். அவன் சொன்னது இதுதான்: "மேஸ்திரிக்க வேலையில குத்தம் வராது எஜமானே. எனக்க கைப்பிழையாக்கும்." ஒன்றரை வருஷம் தண்டனை. என்னைத் தாண்டிப் போகும்போது அவன் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். இந்தக் கைகளை வெட்டிப் போடலாம் போல இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அவன் மனைவி சரசம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேஸ் நடந்த நாளெல்லாம் நான் கோர்ட்டுக்கு வந்ததற்கு நன்றி சொல்ல வந்தாளாம். போகும்போது எலிசாளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, அன்னைக்கு வந்த காய்ச்சல் முழுசா மாறிச்சா? அவரு ஜெயில்லயும் கேட்டாரு."

எலிசாள் என்னைப் பார்த்தாள். பிறகு, "மாறிட்டு சரசம்மா," என்றாள்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு எலிசாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னை எதுக்கு அன்னைக்குப் போக வேண்டாம்னு சொன்னீங்க?" ராத்திரி அவள் அடுக்களையில் தனியாகப் பாய் விரித்துப் படுத்தாள். விடிந்ததும் கட்டைத் துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு இங்கே வந்துவிட்டேன். இதோ, உங்கள் மேசைமேல் வைக்கிறேன்.

அன்று எலிசாளுக்குக் காய்ச்சல் இல்லை, ஐயா. வித்துராவில் அவள் தங்கை பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளைக்குத் தைத்த சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிப் புறப்பட்டு நின்றாள். பின் சீட்டில் என் பக்கத்தில் அவளுக்கும் இடம் சொல்லியிருந்தேன். மழையாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன். அவளுக்கு வைத்த இடத்தில்தான் தங்கப்பன் பழவங்காடியில் நின்ற டீச்சரை ஏற்றினான்.

ஒரு வாரம் தாங்கும் என்று நம்பியதாகக் கொஞ்சம் முன்பு சொன்னேன். நீங்கள் எழுதியதில் அதை அடித்துவிடுங்கள். அந்தக் கட்டை தாங்காது என்று எனக்குத் தெரியும், பெண்டாட்டியைப் போகாதே என்று தடுக்கிற அளவுக்குத் தெரியும்.