மாமாவைச் சித்தப்பா ஆக்கியவருக்கு

பண்டகசாலையின் காவலரே! எண்ணூர்ப் பெட்டக முனையத்து மனமகிழ் மன்றத்தின் குரலே! சௌக்கத் அலி பாய் அவர்களே!

முப்பத்தோராண்டு துறைமுகப் பணி முடித்து இன்று ஓய்வு பெறுகிறீர்கள். உங்கள் கையில் ஒரு சரக்குப் பெட்டகத்தின் எண்ணும் மாறியதில்லை. ஒரே ஒரு பிழை செய்தீர்கள். அதற்காகவே இம்மடல்.

டென்மார்க் மாலுமி ஒருவர் உங்களுக்கு ஏழு குறுவட்டுகள் தந்துவிட்டுப் போனார். ஒரே குடும்பத்தின் கோமாளித்தனங்களைச் சொல்லும் ஏழு சிரிப்புப் படங்கள். விருந்தாளிகளைத் தராசில் ஏற்றி நிறுக்கும் அம்மணி, குளியல் தொட்டியில் வாத்து வளர்க்கும் மனிதர். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, மாதம் ஒன்றாக மன்றத்தில் ஓட்டினீர்கள். கீழே ஆங்கில எழுத்து ஓட, பக்கத்தில் நின்று அத்தனை பேருக்கும் நம்ம ஊர்த் தமிழில் நீங்களே பேசினீர்கள்.

வாத்துக்காரரை எழுத்தில் ‘அங்கிள்’ என்றுதான் போட்டிருந்தது. நீங்கள் மாமா என்றீர்கள். மாமன் முறைக்குரிய கேலியெல்லாம் சேர்த்தீர்கள். நான்காவது படத்தில் அவர் அந்த வீட்டு அப்பாவின் தம்பி என்று தெரிந்தது. ஆவணப் பிரிவில் இருந்த என் மனைவி ஜோதிகா முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“இன்னா பாய், மூணு படமா மாமான்னு சொல்லிகினு, இப்போ சித்தப்பான்றீங்க? இன்னா நாயம் இது?”

“கப்பல்ல வந்த சரக்கும்மா. லேபிள் மாறிப் பூட்சு.”

மன்றமே சிரித்தது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆறாவது படமும் சேர்ந்து பார்த்தோம். மறுவாரம் அவளுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

ஏழாவதை நீங்கள் ஓட்டவில்லை. பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கிரேன் பிரிவுத் தேசப்பன் கேட்டபோது, “நிதிஷ் வரட்டும்ப்பா” என்று என் பெயரைச் சொன்னீர்களாம். நான் மன்றத்தின் பக்கமே வரவில்லை. அது ஓடாதவரை, நானும் அவளும் சேர்ந்து பார்க்க ஒரு படம் மிச்சம் இருந்தது. அது உங்களுக்குத் தெரியும். ஒருநாளும் என்னை அழைக்கவில்லை.

உங்கள் நேர்மை, பொறுமை, காலந்தவறாமை எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு இது ஒன்றுதான் எழுத வந்தது.

நாளை அந்த வட்டு உங்களோடு வீட்டுக்குப் போய்விடும். உங்கள் குரல் இல்லாமல் அந்தக் குடும்பம் எங்களுக்குப் புரியாது. விழா முடிந்ததும் ஏழாவதை ஓட்டுங்கள். தேசப்பன் திரைக்கு வேட்டி கட்டிவிட்டார்.

உங்கள் துணைவியார் ரசூல் பீவி அம்மாவோடு, நோய் அண்டாமல், நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள்.

இன்று நின்றுகொண்டு பேச வேண்டாம், பாய். என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்கார்ந்து பேசுங்கள்.

முனையப் பணியாளர்கள் அனைவருக்காகவும்,
நிதிஷ்