பெரிய மார்ஜரியின் வயது

ஹெஸ்டர் செய்யும் ஆப்பிள் கேக் மாதிரி எங்கள் ஹாவர்ஸ்டனில் யாருக்கும் வராது. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவள்மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது.

எங்கள் தேவாலயக் கோபுரத்தில் தொங்கும் பெரிய மணிக்கு மார்ஜரி என்று பெயர். ஆயிரத்து அறுநூறுகளில் நடந்த உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் ஊர் ஊராக மணிகளை இறக்கிப் பீரங்கி வார்த்தார்கள். இந்த மார்ஜரியை ஆலைக் குளத்தில் ஒளித்தவர் சைலஸ் லட்கின். இடத்தைச் சொல்ல மறுத்ததால் திடலில் இருக்கும் ஓக் மரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நீங்கள் கார் நிறுத்தியிருப்பது அதன் கீழேதான். நான் அவர் வம்சம். மணியடிக்கும் குழுவுக்குத் தலைவனும் நான்தான்.

ஹெஸ்டர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே குடிவந்தவள். ஊர் வரலாறு எழுதப்போவதாகச் சொன்னாள். மணியின் தோளில் வார்த்த வருடம் இருக்குமே, பார்க்கலாமா என்றாள். புறா எச்சம் மூடிக் கிடக்கிறது என்று தட்டிக்கழித்தேன். அவள் பிரஷ்ஷே வாங்கி வந்துவிட்டாள்.

மதுக்கடைக்காரன் காலினுக்கு இது போதாதா?

"என்ன அம்ப்ரோஸ், டீச்சரம்மா உங்க முப்பாட்டனை மரத்துலேர்ந்து இறக்கிருவாங்க போலிருக்கே? ஆடு திருடி மாட்டின ஆளுன்னுல்ல எங்கப்பா சொல்லுவாரு!"

கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்தால் ஒரு வாய் இறங்கவில்லை. எப்பேர்ப்பட்ட அவமானம்.

சனிக்கிழமை மதியம் அவளைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அடிப்பதற்கு முன் மணியை வாய் மேலே பார்க்கும்படி ஏற்றி நிறுத்துவோம். பார்த்தால் சும்மா நிற்பதுபோல இருக்கும். கயிற்றை லேசாக இழுத்தால் முக்கால் டன்னும் ஒரே வீச்சில் சுழன்று வரும். ஆகவே மேலே ஆள் போவதென்றால் மணியை இறக்கிவிட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அன்று காலை மணியை ஏற்றி வைத்தது நான்.

"பத்திரம்தானே அம்ப்ரோஸ்? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா" என்றாள் ஏணியில் கால் வைத்தபடி.

"தைரியமாப் போ ஹெஸ்டர். மணி இறங்கித்தான் இருக்கு. நான் இங்கேயே நிக்கிறேன்."

கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே பிரஷ் தேய்க்கும் சத்தம்.

"எழுத்து தெரியுது. தலைகீழா இருக்கு, இரு... ஆயிரத்து எண்ணூத்து..."

எனக்கு அது புதிதில்லை. சைலஸ் செத்து இருநூறு வருடம் கழித்து வார்த்த மணி அது. என் அப்பா காட்டியிருக்கிறார். காட்டிவிட்டு அவர்தான் மறுபடி எச்சத்தை அள்ளிப் பூசினார்.

"அம்ப்ரோஸ்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "நான் இதை எழுதல. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

அவள் சொன்னால் சொன்னதுதான். எழுதியிருக்கமாட்டாள், சொல்லியிருக்கவும் மாட்டாள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வழியில் எதிர்ப்படும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் பாவப்படுவாளே. கயிற்றை இழுத்துவிட்டேன்.

எனக்காக இல்லை, இன்ஸ்பெக்டர். எல்லாம் இந்த ஊருக்காகத்தான்.