குறட்டைக்குக் கட்சி இல்லை

மந்தைவெளி பஸ் நிறுத்தத்தில் மேடைக் காமெடியன் ஒருவரும், டீச்சராக வேலை பார்க்கும் அவர் மனைவியும், பக்கத்தில் நானும் இருந்தோம். கட்சிக்காரர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“தி.நகர்ல இன்னிக்கு இருவது நிமிஷம் ஷோ. அந்தக் கட்சி ஜோக்கைத் தூக்கிட்டேன். இந்தக் கட்சி ஜோக்கையும் தூக்கிட்டேன்.”

“மிச்சம் இன்னா? என் குறட்டைதானே?”

“அது பத்து நிமிஷம்தாம்மா.”

“போன வீடியோ வந்ததுலேர்ந்து, நான் போர்டு பக்கம் திரும்பினாலே பசங்க கொர்ர்னு சத்தம் போடுறானுங்க. நான் எப்படிப் பாடம் எடுக்கறது?”

“உன்னப் பத்திப் பேசினா ஆன்லைன்ல யாரும் சண்டைக்கு வர்றதில்லம்மா.”

“எனக்குத்தான் ஐடி விங் இல்லியே! ரெண்டு கட்சிக்கும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்பு வீடியோ போட்டியே, எனக்கு ஒண்ணு போட்டியா? பெரிய வீரன்!”

பஸ் வந்தது. அந்த அம்மா ஏறவில்லை.

“குறட்டைய எடுத்துட்டேன்னு இப்பவே போன் பண்ணு. இல்லன்னா முதல் வரிசையில உக்காந்து நானே கத்துவேன்.”

அவர் ஷோ நடத்துகிறவருக்குப் போன் செய்து, பத்து நிமிடம்தான் பேசுவேன் என்றார். பதிலைக் கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“இன்னாவாம்?”

“பாதிதான் தருவாங்களாம். நாலாயிரம் போச்சு.”