அந்தோணி வீட்டுக்கு வந்த படை

தம். தம். தம். மேளம் நெருங்குகிறது. டிசம்பர் இருபத்துமூன்று. பொழுது சாய்கிற நேரம். புக்கிட் ரோத்தான், எங்கள் தாமான் குடியிருப்பு. மழை. நான் சோபாவுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு குரல். "அண்ணே, நாய கட்டுங்க!"

கட்டவில்லை; அது மேளத்துக்கே பயந்து ஓடிவிட்டது. கேட் திறந்துவிட்டது. படை உள்ளே வருகிறது.

போரைத் தொடங்கியவன் நான்தான். அடுத்த வீட்டு அந்தோணி, எஸ்டேட் லயத்திலிருந்தே என் கூட்டாளி. ஒவ்வொரு டிசம்பரும் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு வேனில் வரும். காகித நட்சத்திரம் தொங்கும் வீடாகப் பார்த்துப் பாடும். அந்தோணி வீட்டில் பாடும். என் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காது. நான் திரைக்குப் பின்னால் நின்றே எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

இந்த வருடம் நிலைமை மோசம். மனைவி சாந்தியும் மகளும் கேக் செய்ய அங்கேயே குடியேறிவிட்டார்கள். மட்டன் பெரட்டல் வாசனை வேலியைத் தாண்டித் தாக்கியது. நானோ சபரிமலைக்கு மாலை போட்டவன். பதிலடிக்கு வழியில்லை. ஒரே ஒரு தடவை, என் வீட்டிலும் அவர்கள் பாடவேண்டும். ஒரு நட்சத்திரம் வாங்கினேன். அவனுடையதைவிடப் பெரியது. போர்ச்சில் தொங்கவிட்டேன்.

மகள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். "அப்பா, ஓவர்லா."

வேன் டிரைவர் புது ஆள். பெரிய நட்சத்திரத்துக்கே திரும்பினார்.

கதவைத் திறக்கிறேன். கறுப்பு வேட்டி. கழுத்தில் துளசி மாலை. நெற்றியில் சந்தனம். எதிரே, பஞ்சுத்தாடி நனைந்து தொங்கும் கிறிஸ்மஸ் தாத்தா. மேளம் நின்றது.

"அந்தோணி அண்ணன் வீடுதானே?"

அடுத்த வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"உள்ள வாங்கலா. நனையறீங்க."

பாடினார்கள். என் ஹாலில். ஐயப்பன் படத்துக்கு எதிரே. நானும் பாடினேன், ஒரு வரி தப்பாமல். கிறிஸ்மஸ் தாத்தா என்னையே பார்த்தார். பூசைக்கு அவித்த சுண்டலை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தேன்.

அந்தோணி மட்டன் சட்டியோடு ஓடி வந்தான். பின்னால் சாந்தி.

"டேய் சாமி, என் கூட்டத்தையே புடிச்சி வச்சிட்டியா?"

கேட்டருகே நின்றுவிட்டான். சட்டியைச் சாந்தியிடம் நீட்டினான். "திருப்பிக் கொண்டு போம்மா. மால போட்ட வீடு." கை கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தான். இரண்டு தட்டுச் சுண்டல் தின்றான். நன்றாக இருக்கிறது என்றான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

கிளம்பும்போது தோளில் தட்டினான். "தை பொறக்கட்டும்டா. மால கழட்டுனதும் ஒனக்குன்னு தனியா ஒரு சட்டி."

எதிரிக்கு இவ்வளவு நல்ல மனசு இருக்கக் கூடாது. வயிறு எரிய வழியில்லாமல் போகிறது. ஆனாலும் எரிந்தது.

இழப்புக் கணக்கு இது. கேரல் குழு, முழுவதும். சாந்தி. மகள். எல்லோரும் வேலிக்கு அந்தப் பக்கம். தட்டுச் சத்தம் கேட்கிறது. சிரிப்பும். சுண்டல், ஒரு பானை, காலி. என் ராத்திரிச் சாப்பாடும் அதுதான்.

தப்பியது நான் ஒருவன். பசியோடு.