சிக்னலுக்கு அப்பால் கரி போட்டவருக்கு

மொரப்பூர் நிலையத்தின் மூச்சைக் காத்த முதல்வரே! நெருப்போடு நெருங்கி நின்றும் நெஞ்சில் ஈரம் வற்றாத எஞ்சின் டிரைவர் ராஜப்பனாரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் இருப்புப்பாதையில் உழைத்து இன்று ஓய்வுபெறும் உங்களைக் கரிமேட்டில் கூடை சுமக்கும் பெண்களும் நிலைய ஊழியரும் கைகூப்பி வணங்குகிறோம்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டுத் தை மாதத்தை மறப்போமா? கரிக்கூடை சுமக்கும் குள்ளம்மாள், நடைமேடை வேம்பில் தூளி கட்டிக் கைக்குழந்தை காவேரியைக் கிடத்தியிருந்தாள். மேடு ஏற நீராவி வேண்டி உங்கள் ஃபயர்மேன் சென்னப்பன் அள்ளிக் கொட்டிய கரியின் புகை தூளிக்குள் இறங்க, குழந்தை இருமி இருமி நீலம் பாரித்தது. கூடையோடு எஞ்சின்முன் வந்து நின்றாள் தாய்.

“ஏனுங்க டிரைவரே, உங்க வண்டி மூச்சு வாங்கறதுக்கு எம்புள்ள மூச்ச உடோணுமா?”

“கரி போடாம மேடு ஏறாது ஆத்தா.”

“போடுங்க, வேணாங்கல. சிக்னலத் தாண்டிப் போடுங்க. அங்க கள்ளிதான் இருக்குது. அது இருமாது.”

சிரித்தீர்கள், ஆனால் மறக்கவில்லை. மறுநாள் முதல், நிலையம் வருமுன்பே கரியைச் சிறுகச் சிறுகப் போட்டு நெருப்பைத் தெளியவைத்து, புகையின்றி வந்து புகையின்றிப் போனீர்கள்; சிக்னல் தாண்டிய பிறகே அடுத்த கரி. “கண்ணுக்குத் தெரியற கரியத் துடைச்சுரலாம் சென்னப்பா. தெரியாத தூசிதான் நெஞ்சுல போயிக் குந்திக்கும்” என்று நீங்கள் சொன்னதைக் காதாரக் கேட்டோம்.

போர்க்காலத்தில் தூளாக வந்த மட்டக் கரியால் ஒருநாள் வண்டி மேட்டில் நின்றுபோயிற்று. பதினொரு நிமிடம் தாமதம். விளக்கம் கேட்ட மேலதிகாரிக்கு, “சிக்னல்வரை கரி போடாதே என்றவன் நானே” என்று எழுதினீர்கள். சென்னப்பன் பெயரில்லை, குள்ளம்மாள் பெயரில்லை. பயணிகள் வண்டியிலிருந்து உங்களைச் சரக்குவண்டிக்கு இறக்கினார்கள். அந்தச் சரக்குவண்டியும் எங்களைப் புகையின்றியே கடந்தது!

எங்கள் நெஞ்சைக் காத்த உங்கள் நெஞ்சில்தான் கரி தங்கிவிட்டது. இம்மடலைக் கேட்கையில் துண்டால் வாய் பொத்தி இருமலை அடக்குவீர்கள்; தெரியும். அடக்காதீர்கள் ஐயா. காத்திருந்து வாசிப்போம்.

இனி எங்களுக்கு யார் என்று கலங்கினோம். உங்களை வீட்டுக்கு ஏற்றிச்செல்லும் இன்றைய மாலைவண்டியை, டிரைவராக முதன்முறை ஓட்டுபவர் சென்னப்பன். நேற்றுக் குள்ளம்மாள் கேட்டேவிட்டாள்.

“அண்ணா, கரி எங்க போடுவீங்க?”

“கள்ளிக்கு முன்னால போட்டா, அவுரு சன்னல்ல தலைய நீட்டிப் பேர் சொல்லித் திட்டுவாரு தங்கச்சி!”

நல்ல காற்றில், நிறைந்த மூச்சோடு, நெடுங்காலம் வாழ்க! வண்டி கிளம்பும்போது தலையை நீட்டிப் பாருங்கள். ஆறு வயதுக் காவேரி, வெளுத்த வெள்ளைப் பாவாடை கட்டி, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நிற்பாள்.

அன்புடன்,
கரிமேட்டுப் பெண்கள், நிலைய ஊழியர்கள்
எழுதியவர்: நஞ்சம்மாள், பெண்கள் தங்கும் அறை ஆயா
மொரப்பூர், மார்ச் 1944