இரண்டு விரல் அகலம்

சின்ன வீட்டில் ஒரு வசதி உண்டு, டாக்டரம்மா. மூக்குக்கண்ணாடி தொலைந்துபோனால் தேட வேண்டியதே இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் அதன்மேல்தான் உட்கார்வோம்.

வேலையில் இருந்தவரை நான் அடுக்குமாடிகளை வரைந்தேன். மேகம் வந்து முட்டிக்கொண்டு திரும்பிப் போகிற உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் புத்தி வந்தது. பட்டறையில் பெட்டி பெட்டியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கி, போல்ட் முடுக்கினால் குடியேறிவிடலாம். அப்படிப்பட்ட குட்டி வீடுகளை வரைய ஆரம்பித்தேன். மரம் கொஞ்சம், சிமெண்ட் அதைவிடக் கொஞ்சம், கூரைமேல் சூரிய மின்தகடு. பூமியை நான் ஒருவனே தோள்கொடுத்துத் தாங்குவதாக ஒரு நினைப்பு. தோள் வலித்தது என்றுகூட மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

முதல் வீட்டை எங்கள் தோட்டத்திலேயே நிறுத்தினேன். மனைவியை இழந்து தனியாக இருந்த என் மச்சானை, அதாவது என் மனைவியின் அண்ணனை, அதில் குடிவைத்தோம். இப்போது உங்கள் கவனிப்பில் இருக்கிறாரே, அவர்தான். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். எதிரே வரும் லாரிக்கும் தன் வண்டிக்கும் நடுவில் ஒரு தபால் அட்டை நுழைகிற இடம் இருந்தால் போதும், கொண்டுபோய்விடுவார். ஒரு கீறல் விழுந்ததில்லை. பெற்ற மகளைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமை பேசியதில்லை.

குடிபுகுந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மச்சான் வாசலில் நின்று அறிவித்தார்:

"நம்ம மாப்ள ரிடையர் ஆனதும் சின்ன வீடு வச்சுக்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். என் தங்கச்சி எவ்வளவு நல்லவ பாருங்க, அவளே வந்து கூட்டிப் பெருக்குறா."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டாரா?

"ஆமா மாப்ள, இதுல கொட்டாவி விடணும்னா ஜன்னலத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் விடணுமோ?"

"பழகிட்டா அரண்மனை மாதிரி இருக்கும் மச்சான். ஒரு மனுஷனுக்கு இதுல பாதியே போதும்."

"பாதியா? அப்போ நின்னுக்கிட்டே தூங்கச் சொல்றீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. என் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் மனதில் ஒன்றும் இல்லை. என் மனதில் அந்தப் 'பாதி' உட்கார்ந்துகொண்டது. வீடுகளைச் செய்து விற்கும் கம்பெனிக்காரரிடமும் அதையே சொன்னேன். "நிரூபிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். நிரூபித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்தான். மறுநாள் காலையில் அதை உண்மையாக்கினேன்.

அந்த வீட்டின் பின்சுவர் நகரும். குடும்பம் பெருத்தால் அறையைப் பெரிதாக்கலாம் என்பதற்காக நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. நான்கு போல்ட்டைத் தளர்த்தினால் ஒற்றை ஆள் தள்ளிவிடலாம். சுவருக்குப் பின்னால் பேட்டரியும் குழாய்களும் இருக்கும் ஒரு சந்து. அதன் சாவி என்னிடம் மட்டும். மச்சான் காலையில் நடக்கப் போவார். அவர் தெருமுனையைத் திரும்பியதும் நான் சந்துக்குள் நுழைந்து சுவரை இரண்டு விரல் அகலம் முன்னால் தள்ளிவிட்டு வருவேன். வெளியிலிருந்து பார்த்தால் வீடு அதே வீடு. தரைவிரிப்பு ஒரே நிறம். எண்ணிப் பார்க்கக் கட்டம் கிடையாது. மேசை அந்தச் சுவரிலேயே பொருத்தப்பட்டது. சுவர் வந்தால் அதுவும் கூடவே வரும்.

தினமும் தள்ளவில்லை. நான் கொடுமைக்காரன் இல்லை. அவருக்குப் பழகட்டும் என்று நடுவில் விட்டுவிட்டுத்தான் தள்ளினேன்.

முதலில் முழங்கால் இடித்தது. பிறகு தோள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கப் போனால் கோப்பை மேசை விளிம்பில் முட்டிக் கவிழ்ந்தது. அவர் வீட்டைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் வீட்டை ஒன்றுமே சொல்லவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணன் உடம்பெல்லாம் கன்னிப்போயிருக்குங்க, கண்ணக் காட்டணும்" என்றாள் மனைவி. நானே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் கோளாறு இல்லை என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒருநாள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் காரை ஓட்டி வந்தவர் கடைத்தெரு நடுவில் நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் வண்டிகள். நடுவில் ஒரு யானை தன் குட்டியோடு போகலாம், அவ்வளவு இடம். அவர் நகரவில்லை. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. வியர்த்து விறுவிறுத்து இறங்கி, சாவியை என் கையில் வைத்தார்.

"போகுமா போகாதான்னு தெரியல மாப்ள. எனக்குத் தெரியல."

அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். அவர் முழங்காலும் என் முழங்காலும் இடித்துக்கொண்டிருந்தன.

"மாப்ள, மறைக்காம சொல்லுங்க. எனக்கு மூளை கலங்குதா? சுவரு கிட்ட வர்ற மாதிரி இருக்கு. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

சுவர் என் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கம்பெனிக்காரர் மறுவாரம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தார்.

"வயசாகுதுல்ல மச்சான். எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று உங்கள் முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொன்னவர் அவர்தான், யாரும் தள்ளிவிடவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று அறையை அளந்தேன். பாதிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

போன வாரம் அவரைப் பார்க்க வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உங்கள் அகலமான தாழ்வாரத்தில் அவர் முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்துவந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் சும்மா ஆறுதல் சொன்னாங்க மாப்ள. நீங்க ஒருத்தர்தான் உண்மையச் சொன்னீங்க" என்றார். கொண்டுவந்த பழங்களை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மாத்திரையைக் கூட்டப்போகிறீர்கள், கதவு பூட்டியிருக்கும் பகுதிக்கு மாற்றப்போகிறீர்கள் என்று நேற்று மனைவி அழுதாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடுங்கள், டாக்டரம்மா. அவர் மூளையில் ஒரு கோளாறும் இல்லை. சுவர் கிட்டே வந்தது என்று அவர் சொன்னது நிஜம். தள்ளியவன் நான்.

அவரிடம் மட்டும் என் பெயரைச் சொல்ல வேண்டாம். மாத்திரையிலேயே குணமாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள், மனிதர் சந்தோஷப்படுவார். அவரை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் எனக்கு முன்கூட்டித் தகவல் கொடுங்கள். சுவரைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். ஒரேயடியாகத் தள்ளினால் பயந்துவிடுவார். அவர் காலையில் நடக்கப் போகும்போது இரண்டு இரண்டு விரலாகத் தள்ளிக்கொள்கிறேன், அவருக்குத் தெரியவே தெரியாது.